போக்காடு

அலவத்துகொடக் கடைவீதியிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதை ஓரிடத்தில் மூன்றாகப் பிரிகின்றது. அந்த முச்சந்தியில், செவ்வாய் வெள்ளிகளுக்கு மறுநாட் காலையில், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத் துண்டுகளோ உடைந்த சாம்பற்பூசணிக்காயோ கிடப்பதுண்டு. சிறுவயதில் அவற்றைக் கண்டால் என் தாயார் என் கையைப் பற்றி ஒருபுறமாக ஒதுக்கி அழைத்துச் செல்வார். "மிதிச்சிடாதே, யாரோ கழிச்சுப் போட்டது" என்பார். யாரோ ஒருவருடைய நோயையும் கண்ணூறையும் ஏற்றுக்கொண்டு அந்தப் பழம் அங்கே கிடக்கின்றது. மிதிப்பவன்மேல் அது ஏறிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

நம் தீமையை வேறொன்றின் தலையில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பிவிடலாம் என்னும் இந்த எண்ணம் எவ்வளவு பழையது, எவ்வளவு தூரம் பரந்தது என்பதை நான் அறிந்தது நாற்பது வயதைக் கடந்த பின்னரே. அதை அறியப் புகுந்த வழியில், நான் தீர்க்காது விட்டிருந்த என் சொந்தக் கணக்கொன்றும் எதிரே வந்து நின்றது. அதனையே நேயர்களுக்கு இங்கே எழுதுகின்றேன்.

உயர்தர வகுப்பு மாணவருக்கு இந்து நாகரிகம் கற்பிப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் ஆறுமுக நாவலரைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நாவலர். அவரே 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854ஆம் ஆண்டில் 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். "பைபிளைக் கொண்டே பாதிரிமாருக்கு விடையிறுத்தார்" என்று ஆண்டுதோறும் சொல்லி வருவதுபோல அன்றும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், பைபிளில் என்ன இருக்கிறது, அவர் அதைக் காட்டுவதற்கு?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. பட்டம் பெற்றவன், பதினைந்து ஆண்டுகள் கற்பித்தவன். ஆயினும் அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துச் சொன்னேனேயன்றி, அந்த வேதாகமத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவனல்லன். "நாளை சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டு, மாலையில் எங்கள் தோட்டத்து உபதேசியார் வீட்டுக்குச் சென்றேன்.

உபதேசியாரின் குடும்பம் மலைநாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றோடு பிணைந்தது. கோப்பித் தோட்டங்களிலே உழைத்த தமிழரிடையே சமயப் பணி புரிவதற்கென்று ஆங்கிலிக்கன் திருச்சபையார் அமைத்த மிஷன் தொடங்கியதும் நாவலரின் நூல் வெளிவந்த அதே 1854ஆம் ஆண்டிலேதான். அப்பணிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் வந்தனர். அவ்வாறு வந்த ஒருவரின் வழித்தோன்றல் எங்கள் உபதேசியார். எண்பதை நெருங்கும் வயது, கண் மங்கிவிட்டது, ஆனால் வேதாகமத்தில் எந்த அதிகாரம் எந்தப் பக்கத்தில் இருக்கின்றது என்பதை விரல்களே அறியும். அவருடைய மகனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

என் கேள்வியைக் கேட்டதும் அவர் நகைத்தார். "லேவியராகமத்தை எடு தம்பி. எங்க ஆளுங்களே அதிகம் வாசிக்காத புத்தகம். நாவலர் ஐயா நல்லா வாசிச்சிருக்காரு" என்றார். அன்று முதல் சனிக்கிழமை தோறும் அவர் வீட்டுத் திண்ணை எனக்குப் பாடசாலையாயிற்று.

வாசிக்க வாசிக்க வியப்பு மிகுந்தது. தூபம், அணையாத தீபம், அபிஷேகத் தைலம், ஸ்நானம், ஆசாரம், தீட்டு, பரம்பரையாகப் பூசை செய்யும் ஆசாரியர், எவரும் நுழையலாகாத உட்சந்நிதி — எல்லாம் அங்கே இருந்தன. ஓர் ஆகமத்தைப் படிப்பது போன்ற உணர்வே எனக்கு உண்டாயிற்று. "உங்கள் தேவனே விதித்த கிரியைகள் இவையாயின், எங்கள் கோயிற் கிரியைகளை ஏன் இகழ்கின்றீர்கள்?" என்பதே நாவலர் தொடுத்த வாதத்தின் சாரம்.

அந்நூலின் நடுநாயகமாக விளங்குவது 16ஆம் அதிகாரம். யூதருடைய ஏழாம் மாதத்துப் பத்தாம் நாள், அவர்கள் யோம் கிப்பூர் என வழங்கும் பாவநிவாரண நாள். அன்று மக்கள் அனைவரும் உபவாசம் இருப்பர். பிரதான ஆசாரியர் பொன்னாபரண உடைகளைக் களைந்து, நீராடி, எளிய வெள்ளைச் சணல்நூல் ஆடை தரிப்பார். முதலில் தமக்காகவும் தம் குடும்பத்துக்காகவும் ஒரு காளையைப் பலியிடுவார். பிறர் பாவம் தீர்க்க வந்தவர் தம் பாவத்தை முதலில் தீர்க்க வேண்டும். பின்னர் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார். ஒரு சீட்டு ஆண்டவருக்கு. மற்றொன்று, மூலமொழியில் அசாசேல் எனப்படும் புரியாத பெயருக்கு. ஆண்டவருக்கென விழுந்த கடா பலியாகும். அதன் குருதியைத் தூபப் புகையினூடே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டு சென்று, உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடியாகிய கிருபாசனத்துக்கு முன்பாக ஏழுமுறை தெளிப்பார். ஆண்டுக்கு ஒரேயொரு நாள் மாத்திரம் அவ்விடத்தில் மானிடக் கால் படும்.

மற்றக் கடாவின் கதை வேறு. ஆசாரியர் தம் இரு கைகளையும் அதன் தலைமேல் ஊன்றி, மக்கள் செய்த அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, அவற்றை அதன்மேல் சுமத்துவார். பின் ஓர் ஆள்வசம் அது வனாந்தரத்துக்கு அனுப்பப்படும். தமிழ் வேதாகமத்தில் இதற்குப் 'போக்காடு' என்று பெயர். என்ன அழகான சொல்! பாவத்தைப் போக்கும் ஆடு, போகவிடப்பட்ட ஆடு. எருசலேம் ஆலய காலத்தில் அதன் கொம்பில் செந்நிறக் கம்பளி நூல் கட்டப்பட்டதென்றும், அது திரும்பி வாராதபடி மலைமுகட்டிலிருந்து தள்ளப்பட்டதென்றும் யூதரின் மிஷ்னா நூல் கூறுகின்றது.

இதனைக் கிறிஸ்தவர்கள் எவ்வாறு கொண்டார்கள் என்று உபதேசியாரிடம் கேட்டேன். அவர் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தைத் திறக்கச் சொன்னார். மண்ணுலக ஆலயமும் அதன் கிரியைகளும் விண்ணுலக உண்மையின் நிழல்கள் என்பது அந்நிருபத்தின் கொள்கை. ஆண்டுதோறும் ஆசாரியர் பிற உயிரின் குருதியோடு உட்புகுந்தார். கிறிஸ்துவோ தம் சொந்தக் குருதியோடு ஒரே தரம் உட்புகுந்தார். ஆகையால் பூசகரும் அவரே, பலியும் அவரே. பலி மிருகங்களின் உடல்கள் பாளையத்துக்கு வெளியே எரிக்கப்பட்டமையை, அவர் நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டமைக்கு அந்நிருபம் ஒப்பிடுகின்றது. அவர் உயிர்விட்ட போது ஆலயத் திரை இரண்டாகக் கிழிந்தது என்று சுவிசேஷம் சொல்வதும், உட்சந்நிதிக்கு வழி எல்லார்க்கும் திறந்தது என்பதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கிறிஸ்துவைக் குறிக்க வழங்கிய கிரேக்கச் சொல்லும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கிருபாசனத்துக்கு வழங்கிய சொல்லும் ஒன்றேயாம். பர்னபாவின் பெயரால் வழங்கும் பழைய நிருபமோ, இரு கடாக்களும் கிறிஸ்துவையே குறிப்பன என்று கூறி, கொம்பிற் கட்டிய செந்நூலையும் அவருடைய செவ்வங்கியோடு பொருத்துகின்றது.

"ஆட்டுக்கு ஒன்னும் தெரியாது தம்பி. சீட்டு விழுந்தா போகும். அவரு தெரிஞ்சு வந்தாரு, விரும்பி வந்தாரு. அதுதான் வித்தியாசம்" என்றார் உபதேசியார். அவர் குரல் தழுதழுத்தது. அந்த நம்பிக்கை எனதன்று. ஆயினும் அதன் முன் தலைவணங்காதிருக்க என்னால் இயலவில்லை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. ஒருவருடைய வழிபாட்டை மற்றொருவர் நிழல் என்று சொல்லிவிட்டால், அந்த வழிபாட்டிலேயே வாழ்கின்றவர் என்ன ஆவார்? நிழலைப் பிடித்துக்கொண்டிருக்கும் குருடர் என்று யூதர் நெடுங்காலம் இகழப்பட்டனர். அவ்விகழ்ச்சி பல கொடுமைகளுக்கு வழிகோலியது. 1965ஆம் ஆண்டிலே இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் மரணத்துக்கான பழியை அக்காலத்து யூதர் எல்லார்மீதோ இக்காலத்து யூதர்மீதோ சுமத்தலாகாது என்று அறிவிக்கும் நிலை நேர்ந்தது. ஓர் இனம் முழுவதையுமே போக்காடாக்கிய பிழையை ஏற்றுத் திருத்த எத்தனை நூற்றாண்டுகள் சென்றன!

அங்ஙனமாயின், யூதர்தாம் தம் சடங்கை எவ்வாறு விளங்கிக்கொண்டனர்? கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலிபீடம் இல்லை, கடாக்களும் இல்லை. இடிபாடுகளைக் கண்டு, பாவம் தீர்த்த இடம் அழிந்ததே என்று சீடர் ஒருவர் புலம்ப, யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியர், அதற்கு நிகரான கழுவாய் நமக்கு வேறொன்று உண்டு, அதுவே அன்புச் செயல் என்று தேற்றினார் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. வருந்தி மனந்திரும்புதல், பிரார்த்தனை, ஈகை ஆகிய மூன்றும் பலியின் இடத்தைப் பெற்றன.

அவர்களிடையேயும் கழிப்புக் கழிக்கும் வழக்கம் உண்டு என்பதை அறிந்தபோது என் தாயாரை நினைத்துக்கொண்டேன். யோம் கிப்பூருக்கு முன் ஒரு கோழியைத் தலையைச் சுற்றி, பாவத்தை அதன்மேல் ஏற்றி அறுக்கும் வழக்கம் சிலரிடையே நிலவுகின்றது. 16ஆம் நூற்றாண்டில் யூதருடைய நெறிநூலைத் தொகுத்த யோசேப்பு காரோ அதைத் தடுக்க வேண்டும் என்றார். நம் நாவலரும் சிறுதெய்வக் கோயில்களில் உயிர்ப்பலியிடுவதைக் கண்டித்தவரே. எல்லாச் சமூகத்திலும் சுற்றிப் போடுவோரும் உளர். அதனால் மாத்திரம் போகாது என்று எச்சரிப்போரும் உளர்.

அந்த எச்சரிக்கையை மிஷ்னா ஒரு விதியாகவே வகுத்துள்ளது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட பாவத்தை அந்த நாள் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட பாவத்தை, தீங்கிழைத்தவன் தீங்குற்றவனிடம் சென்று அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் தீர்க்காது. இதனை உபதேசியாரிடம் சொன்னேன். "இயேசுவும் அதைத்தானே சொன்னாரு!" என்று அவர் மத்தேயு 5ஆம் அதிகாரத்தை எடுத்தார்: காணிக்கை செலுத்த வந்தவன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலிற் போய் ஒப்புரவாக வேண்டும். லேவியராகமத்திலேயே மற்றொரு விதியும் கண்டோம்: பிறர் பொருளை அபகரித்தவன் முதலில் அதனை ஐந்திலொரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும்; பின்னரே ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை இனி மறைப்பதிற் பயனில்லை.

1995ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினான்கு. நாங்கள் படித்த பாடசாலையின் விஞ்ஞான அறையில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி இருந்தது. ஓர் இடைவேளையில், யாருமில்லாத வேளை பார்த்து, வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கும் ஆசையால் உள்ளே நுழைந்தேன். கருவி கை தவறி விழுந்து உடைந்தது. நான் பின்வாயிலால் ஓடிவிட்டேன். வாசலருகே நின்றவன் உபதேசியாரின் மகன். அவன் என்னைக் கண்டான். நானும் அவன் கண்டதைக் கண்டேன். விசாரணையில் அவன் அகப்பட்டான். முழு வகுப்புக்கும் முன்னால் பிரம்படி பட்டான். நான் மூன்றாம் வரிசையில் அமர்ந்து குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நட்டத்தைக் கட்டச் சொன்னார்கள். சில கிழமைகளில் அவன் பாடசாலைக்கு வருவது நின்றது. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். நான் படித்தேன், பல்கலைக்கழகம் சென்றேன், ஆசிரியனானேன்.

கழுவாய் என்னும் நம் சொல் சங்கநூலிலேயே வருவது. பெரும் பாதகங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கு மாத்திரம் உய்வில்லை என்னும் கருத்தைப் புறநானூற்றிலே ஆலத்தூர் கிழார் பாடியிருக்கின்றார். வள்ளுவரும் அதனையே வற்புறுத்தினார். இதனைப் பல ஆண்டுகள் மாணவருக்கு விளக்கியவன் நான். விளக்கும்போதெல்லாம் அவன் முகம் ஒரு கணம் தோன்றி மறையும். மாசிமகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர்வடம் பிடிப்பேன். மனம் சற்று இலேசானதுபோல் இருக்கும். அதுதான் நான் கழித்த கழிப்பு.

இவ்வாண்டு பெரிய வெள்ளிக்கு நண்பன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். தலை நரைத்து, சற்றே கூன் விழுந்திருந்தது. அவனைத் தனியே தேயிலை மலைப்பக்கம் அழைத்துச் சென்று சொன்னேன். எப்படித் தொடங்கினேன், எப்படி முடித்தேன் என்பது நினைவில்லை. நீ என் பாவத்தைச் சுமந்தவன், விரும்பி ஏற்றுக்கொண்டவன் என்பதுபோல் ஏதோ சொன்னேன். கற்றவன் அல்லவா, அந்த வேளையிலும் உவமை வந்தது.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் ஒன்னும் விரும்பிச் சுமக்கல்ல. பயந்துட்டேன், அவ்வளவுதான். உன் பேரைச் சொன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு நெனச்சேன். நீ கெட்டிக்காரப் பையன். என்னைப் பெரிய ஆளாக்காதே" என்றான். சிறிது நேரம் கழித்து, "எனக்கிட்டச் சொன்னது சரி. அப்பாகிட்ட யார் சொல்றது? நான்தான் உடைச்சேன்னு அவரு இன்னைக்கும் நம்பிக்கிட்டிருக்காரு" என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் கொழும்புக்குத் திரும்பிய பின் வந்த சனிக்கிழமை, வேதாகமத்தைத் திறக்குமுன் உபதேசியாரிடம் அனைத்தையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே அடுப்பிற் கொதித்த நீரின் ஓசை மட்டும் கேட்டது. பின்பு, "நட்டம் கட்ட அப்ப கறவை மாட்டை வித்தேன் தம்பி" என்றார். நான் அதற்கான பணத்தைத் தருகிறேன் என்று தடுமாறினேன். அவர் கையால் தடுத்தார்.

"மாடு கிடக்கட்டும். நான் உடைக்கலேன்னு அவன் அன்னைக்கே என்கிட்டச் சொன்னான். உபதேசியார் மகன் பொய் சொல்றானேன்னு நானும் அடிச்சேன். பள்ளிக்கூடத்தில பட்ட அடியைவிட அதிகமா அடிச்சேன். அதுக்கு நான் யார்கிட்டப் போறது?"

எத்தனையோ மரணப் படுக்கைகளின் அருகே இருந்து பாவ மன்னிப்பை அறிவித்த வாய் அது. அன்று அவர் எந்த வசனத்தையும் சொல்லவில்லை. கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "கண்ணு தெரியல்ல. அவன் நம்பரைப் போட்டுத் தா" என்றார். எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். அவர்கள் பேசியது அவர்களுடையது.

மாட்டுப் பணத்தை அவர் இன்றுவரை வாங்கவில்லை. "உடைஞ்சது பள்ளிக்கூடத்துச் சாமான், அங்க கொண்டு போய்க் கொடு" என்றார். ஒரு நுணுக்குக்காட்டி வாங்கி, நடந்ததை எழுதிய கடிதத்தோடு அப்பாடசாலையில் ஒப்படைத்தேன். ஐந்திலொரு பங்குக்காக, கண்ணாடித் தகடுகளும் ஒரு பெட்டி கொடுத்தேன். என் மாணவர்களுக்கும் சொன்னேன். அன்று கேள்வி கேட்ட மாணவியின் வகுப்பு அப்பொழுது பாடசாலையை விட்டுப் போயிருந்தது. அவளுக்கு அளிக்க வேண்டிய விடையின் மறுபாதியாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நிழல் எது, நிஜம் எது என்று யூதரும் கிறிஸ்தவரும் சைவரும் வாதிட்டது பெரிய வாதம். அதைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்றைக் கண்டுகொண்டேன். பலிபீடத்துக்குச் செல்லும் பாதை அயலான் வீட்டு வாயிலைக் கடந்தே செல்கின்றது என்பதில் அவர்களுடைய நூல்களுக்கிடையே வழக்கில்லை. சடங்கு பொய்யென்று நான் சொல்லவில்லை. கையை ஊன்றி வாய்திறந்து அறிக்கையிடாமல் அந்த ஆசாரியரும் கடாவை அனுப்பவில்லை. நான் அந்தப் பகுதியை விட்டுவிட்டு ஆட்டை மாத்திரம் அனுப்பியிருந்தேன். அனுப்பியது ஆட்டையன்று, என் வகுப்புத் தோழனை.

முச்சந்தியில் இப்பொழுதும் எலுமிச்சம்பழம் கிடக்கின்றது. தாயார் சொன்னபடியே ஒதுங்கித்தான் நடக்கின்றேன். அதைக் கடந்ததும் இடப்புறம் உபதேசியார் வீடு. சனிக்கிழமைகளில் அவ்வீட்டு வாயிலில் மாத்திரம் இப்பொழுது தலைகுனியாமல் நுழைகின்றேன்.